ஒன்பதாம் நம்பர் சாக்ஸ்

ஊரின் பெயர் கிராண்ட் ஐலண்ட். பெருந்தீவு.
நெப்ராஸ்காவின் நட்டநடுவில்,
எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும்
இரண்டு நாள் தாண்டித்தான் கடல்.
நான் கடலைப் பார்த்ததில்லை.
அதன் அழுக்கைப் புதனும் சனியும் துவைக்கிறேன்.

டயாலிசிஸ் கூடத்துத் தொட்டிக்குக் கீழே,
அலமாரிக் கதவுக்குப் பின்னால்,
வழிந்திறங்கும் நீரை வாய்திறந்து வாங்கிக்கொண்டு
தொங்குகின்றன நான்கு ஃபெல்ட் பைகள்.
எங்கள் தொழிலில் அவற்றுக்கு சாக்ஸ் என்று பெயர்.
கால் கிடையாது, வளையம் உண்டு.
நாலாம் நாள் அடைத்துக்கொள்ளும்.
அப்புறம் தண்ணீர் விளிம்பேறி
அழுக்கோடு அழுக்காய் நேரே பம்புக்குப் போகும்.

வீட்டுக் கராஜில் உட்புறம் வெளியாய்ப் புரட்டுவேன்.
ஒருமுறை புரட்டியதும்
நகக்கண் அளவு நட்சத்திரம் ஒன்று, உயிரோடு,
ஐந்து கையாலும் என் கையுறையைப் பிடித்துக்கொண்டது.
உப்புத்தண்ணீர்க் கோப்பையில் விட்டு
காபி வைக்கும் குழியில் அதை வைத்து
மூன்று மைல் மெதுவாக ஓட்டினேன்.

குழாய் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடிப் பீய்ச்சு.
பழுப்புக் கூழ் வடியும்: மீனின் எச்சம்,
தின்னாமல் விட்ட இறால் துணுக்கு, பாசி.
வாளிக்கு ஒரு கோப்பை ப்ளீச், ஓர் இரவு.
பிறகு குளோரினை முறிக்கும் மருந்து,
பிறகு வெறுந்தண்ணீர், பிறகு கொடி.
மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்ப்பேன்,
வாடை இருந்தால் இன்னும் ஒரு நாள்.
ஜனவரியில் பலகையாய் விறைத்துவிடும்;
தட்டினால் யாரோ கதவைத் தட்டுகிற சத்தம்.

சோப்பு கூடாது. சோப்பே கூடாது.
முதல் வருஷம் லைல், அன்பாகத்தான்,
எல்லாவற்றையும் சலவை இயந்திரத்தில் போட்டு
லாவெண்டர் திரவம் ஊற்றிவிட்டான்.
மறுநாள் என் கடல் நுரை தள்ளியது.
நர்ஸ் யெசெனியா துண்டும் துடைப்பமுமாய் நின்று
ஸ்பானிஷில் சொன்னதை
இன்றுவரை நான் அர்த்தம் கேட்கவில்லை.

வாளி வாளியாய் உப்புக் கரைத்து ஊற்றுவது நான்தான்.
இந்தக் கடலுக்கு உப்பிட்டவள்.
உள்ளளவும் நினைப்பதாகத் தெரியவில்லை;
கோமாளி மீன் என் விரலைக் கடிக்கிறது.

மூன்றாம் நாற்காலி எல்டன் குசெராவுக்கு.
உப்பைத் தொடாதே என்று உத்தரவு.
நாலு மணி நேரம் மீனைப் பார்ப்பார்,
மீன் சலித்தால் என்னை.
"எத்தனை தடவை தாங்கும்?"
"இருபது. பக்குவமாய்க் கழுவினால் முப்பது."
வளையத்தில் மார்க்கரால் நான் எழுதிய எண்ணைப் பார்த்தார்.
"என் ஃபில்டரையும் முன்பு கழுவித்தான் வைப்பார்கள்.
ஒமாஹாவில். ப்ளீச், அப்புறம் ஏதோ காடி நாற்றம்.
அலமாரியில் வரிசையாய், பெயர் எழுதி.
குசெரா, ஈ. பக்கத்திலேயே குசெரா, எம்.
அவன் யாரோ, எனக்குச் சொந்தமில்லை.
மாட்டுமுன் இரண்டு பேர் பெயரைப் படிப்பார்கள்.
மூன்றாவதாய் நானும் படிப்பேன்."
"இப்போது?"
"ஒரு தடவைதான். எறிந்துவிடுகிறார்கள்."
குறையாகச் சொன்னாரா, நிம்மதியாகவா,
பிடிபடுமுன் இயந்திரம் மணியடித்தது.

போன சனி, ஒன்பதாம் நம்பரைத் தூக்கிப் பிடித்தால்
உள்ளே ஜன்னல் தெரிந்தது. தையலும் விட்டிருந்தது.
குப்பைக்கென்று ஒதுக்கினேன்.
"அதை இப்படிக் கொடு, லேவான்."
ரத்தம் வெளியே சுற்றி வரும் நேரம்
அவருக்குக் கால்தான் முதலில் சில்லிடும்.
கழுவியது, காய்ந்தது, மோந்து பார்த்தது.
இடது காலில் இழுத்து மாட்டினார்,
வளையம் கெண்டைக்காலில் வந்து நின்றது.

யெசெனியா பார்த்தாள்.
பிறகு ஜன்னலுக்கு வெளியே ஏதோ இருப்பதுபோல் திரும்பிக்கொண்டாள்.

"அடுத்தது எப்போது கிழியும்?"
"நாலாம் நம்பர். ஈஸ்டருக்குள்."
"பொறுத்துக்கொள்கிறேன்," என்று
வலது காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.